23 நாள் ஒரே அட்டையில்

அந்தப் பையனால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. செயல்வழிக் கற்றல் நடந்த காலம் அது: பாடமெல்லாம் படிப்படியாக அட்டைகளில் இருக்கும், அந்தப் படிகளின் ஏணிப் படம் சுவரில் இருக்கும், பிள்ளையே தன் படிக்கான அட்டையை எடுத்துப் படிக்கும். காலையில் வந்ததும் வருகைப் பலகையில் தன் பெயருக்கு நேரே குறி போடுவான். அலமாரியில் அடுக்கியிருக்கும் தட்டுகளில் தன்னுடையதைத் தேடி, அட்டையை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கத்துப் பாயின் ஓரத்தில் போய் உட்காருவான். சண்டை கிடையாது, கோள் சொல்வது கிடையாது, "ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்" என்று பத்துத் தடவை விரல் நீட்டுவது கிடையாது. மணியடித்ததும் அட்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். பள்ளியைப் பார்க்க வந்த ஆசிரியர் பயிற்றுநர்கூட அவனைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு அமைதியா தானா படிக்கிறான்" என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏதோ மாதாந்திர விவரம் கேட்டிருந்தார்கள் என்பதற்காக, அடைவுப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். தமிழில் அவன் நின்ற படி ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு அட்டை. போன மாத விவரத்திலும் அதே அட்டை. நாட்களை எண்ணிப் பார்த்தேன். 23 வேலை நாள்.

23 நாளாக ஒரு பிள்ளை ஒரே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நான் அதை "தன் வேகத்தில் கற்கிறான்" என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'கெ' எழுத்தைக் காட்டி, "இது என்னப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொம்பு... க" என்றான். அடுத்து 'மே'. "பெரிய கொம்பு... ம." யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. இடப்பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். கொம்பு முன்னால் நிற்கிறது, அதனால் அதை முதலில் படிக்கிறான். 'கா', 'கி' வரைக்கும் குறி பின்னால் வந்ததால் சிக்கல் இல்லை. இங்கே வந்ததும் எழுத்து அவனுக்குத் தலைகீழாகிவிட்டது.

அவன் வீட்டில் இரண்டு மாடு உண்டு. "உங்க மாட்டுக்குக் கொம்பு முன்னாடிதானே இருக்கு? அதைப் பார்த்தா 'கொம்பு மாடு'ன்னா சொல்லுவ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். "மாடுன்னுதான் டீச்சர்." "அப்போ க-வுக்குக் கொம்பு முளைச்சா அதுவும் ஒரே பேருதான். கெ." தரையில் சாக்பீஸால் க, ம, ப என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் அவனையே கொம்பு வைக்கச் சொன்னேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், மிஞ்சினால் பதினைந்து. புதன்கிழமை அடுத்த அட்டைக்குப் போய்விட்டான்.

இது 2009இல் நடந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள், 41 பிள்ளைகள். பெரிய டீச்சர் அஞ்சாம் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். ஒன்று முதல் நான்கு வரை ஒரே அறையில் என்னிடம்.

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் செயல்வழிக் கற்றல் பற்றி அவ்வளவாகத் தெரிந்திருக்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் இது தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார்தான் முன்னின்று கொண்டுவந்தார். கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் முயற்சியில் இதற்கு வேர் உண்டு. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில், கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்கென்று ஓர் அட்டை முறையை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்தார்கள். நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துப் படித்து வந்தார்கள். 2007-08இல் மாநிலம் முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. சுவரில் ஏணிப் படம். பிள்ளை எந்தப் படியில் இருக்கிறதோ அந்த அட்டையை எடுத்துக்கொள்ளும், முடித்தால் அடுத்த படி. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டைக்குத் தகுந்தபடி ஆறு குழு: ஆசிரியரின் முழு உதவி, பாதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பாதி உதவி, தானாகப் படிப்பது, கடைசியாக மதிப்பீடு. நாங்களும் நாற்காலியை ஓரங்கட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். கீழே பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவர் முழுக்கக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பி கட்டி அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டிருப்போம்.

நான் இதைக் குறை சொல்ல வரவில்லை. நான் படித்த காலத்தில் ஒற்றைக்கொம்பு தெரியாதவன் பெஞ்ச் மேல் நின்றிருப்பான், முட்டியில் அடியும் வாங்கியிருப்பான். அந்தப் பயம் போனதே பெரிய காரியம். ஆனால் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து வாத்தியார் வரிசையாக எழுப்பிப் படிக்கச் சொல்வார், அவனுக்குத் தெரியாது என்பது இரண்டாம் நாளே ஊருக்கே தெரிந்துவிடும். அவமானம்தான், ஆனாலும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருப்பான். என் வகுப்பில் அவன் அவமானப்படவில்லை. கண்ணிலும் படவில்லை.

அந்த வாரமே ஒரு வேலை செய்தேன். நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் அறையின் எல்லாப் பெயர்களையும் வரிசையாக எழுதி, குறுக்கே ஐந்து நாளுக்குக் கட்டம் போட்டேன். ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தால் ஒரு கோடு. தூரத்திலிருந்து "என்னடா பண்றே" என்று கத்தியது கணக்கில் வராது. நோட்டில் "சரி" குறி போட்டதும் வராது. எத்தனை நிமிஷம் என்றெல்லாம் எழுதப் போனால் பாடம் நடத்த முடியாது, அதனால் கோடு மட்டும்.

வெள்ளிக்கிழமை பார்த்தபோது முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஏழு பிள்ளைகளிடமே பாதிக்கு மேல் கோடு. ஐந்து பேருக்கு ஒன்றுகூட இல்லை. வாரம் முழுக்க அந்த ஐந்து பேரும் பள்ளிக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த ஏழு பேர் யார் என்று பார்த்தால், முடித்ததும் ஓடிவந்து "டீச்சர், ஆச்சு" என்று அட்டையை மூக்குக்கு நேரே நீட்டுகிறவர்கள். அவர்களுக்கு வீட்டில் அக்காவோ சித்தியோ படித்தவர் இருக்கிறார், அதனால் சீக்கிரம் முடிகிறது, அடுத்ததற்கு என்னிடம் வருகிறார்கள், இன்னும் சீக்கிரம் முடிகிறது. பள்ளியிலும் வட்டிக்கு வட்டிதான்.

அடுத்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கோடு அதிகம் வாங்கிய ஏழு பேரும் ஊர்த்தெருப் பிள்ளைகள். கோடே இல்லாத ஐந்து பேரில் நான்கு பேர் காலனிப் பிள்ளைகள். நான் யாரையும் பிரித்து உட்கார வைக்கவில்லை. பிள்ளைகளே வந்து உட்கார்ந்த இடம்தான் அது: ஊர்த்தெருப் பிள்ளைகள் என் பாய்க்குப் பக்கத்தில், காலனிப் பிள்ளைகள் வாசல் ஓரத்தில். ஊரில் இருக்கிற கோடு என் அறைக்குள்ளும் இருந்திருக்கிறது, நான் அதன் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சாதி பார்க்காதவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. எந்தப் பிள்ளையும் தன் இஷ்டத்துக்கு, தன் வேகத்துக்குப் படிக்கலாம் என்று விட்டுவிட்டால், இஷ்டமும் வேகமும் தெருவிலிருந்துதான் கிளம்பி வருகின்றன.

நான் என் பாயைத் தூக்கி வாசல் பக்கம் போட்டேன். முதலில் செய்தது அவ்வளவுதான். பக்கத்தில் டீச்சர் இருந்தால் பிள்ளை கேட்கும். தூரத்தில் இருந்தால் எழுந்து நடந்து வந்து கேட்க ஒரு தைரியம் வேண்டும். வாரா வாரம் பாயை வேறு மூலைக்கு மாற்றினேன். அப்புறம் காலை முதல் அரை மணி, யாரும் கூப்பிடும் முன்னால், முந்தின நாள் கோடு இல்லாத பிள்ளைகளிடம் போவது என்று வைத்துக்கொண்டேன். ஓடிவருகிற ஏழு பேரும் முறைத்தார்கள். ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லி, அவள் அப்பா வந்து கேட்டதுகூட நடந்தது. அதையும் சமாளித்தோம்.

இரண்டாவது மாற்றம் பதிவேட்டில். எங்கள் பதிவேடு பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும், எப்போதிலிருந்து அங்கே நிற்கிறது என்று காட்டாது. ஒவ்வொரு முறை அட்டை மாறும்போதும் பக்கத்தில் பென்சிலால் தேதி போட ஆரம்பித்தேன். ஐந்து வேலை நாள் தாண்டி அதே தேதி நின்றால் அந்தப் பிள்ளையிடம் நான் போக வேண்டும், எந்தக் குழுவில் இருந்தாலும் சரி. இந்த ஒரு பழக்கத்தைத்தான் இன்றுவரை விடவில்லை. முறை மாறிவிட்டது, புத்தகம் மாறிவிட்டது, தேதி போடுவது மட்டும் தொடர்கிறது. புதிதாக வருகிற ஆசிரியர் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படித் தேதியைத் துரத்திப் போனதில் வேடிக்கையான காரணங்களும் அகப்பட்டன. ஒரு பிள்ளை ஒன்பது நாள் நின்றதற்குக் காரணம், அந்த அட்டையே தட்டில் இல்லை. தொலைந்துபோயிருந்தது. பிள்ளை தினமும் தேடிவிட்டு, இல்லை என்றதும் பழைய அட்டையையே எடுத்து வந்திருக்கிறது. இன்னொருத்திக்குக் கண் தெரியவில்லை. அட்டையை மடியில் வைத்தால் மங்கல், மூக்குக்குப் பக்கத்தில் வைத்தால் பக்கத்துப் பையன் கேலி செய்கிறான். கண்ணாடி வாங்கியதும் ஒரே மாதத்தில் எட்டுப் படி ஏறினாள்.

சக மாணவர் உதவி என்பதிலும் ஒரு பாடம் உண்டு. நாலாம் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பெண். எந்தச் சின்னப் பிள்ளை மாட்டிக்கொண்டாலும் அவளைத்தான் அனுப்புவேன். அலுக்காமல் சொல்லிக்கொடுப்பாள், மூக்கையும் துடைத்துவிடுவாள். ஒரு நாள் அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்: "எம்பொண்ணு இங்க படிக்க வருதா, சொல்லிக்குடுக்க வருதா டீச்சர்? வூட்லயும் தம்பியப் பாத்துக்குது, இங்கயும் புள்ளைங்களத்தான் பாத்துக்குதாம்." என்னிடம் பதில் இல்லை. பதிவேட்டைப் பார்த்தால் அவள் கணக்கில் அந்த மாதம் இரண்டே படி. வீட்டில் பெண் பிள்ளை தலையில் விழுகிற அதே வேலையை நானும் எடுத்து அவள் தலையில் வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஆள் மாற்றி மாற்றிக் கொடுத்தேன், பையன்களுக்கும் சேர்த்து. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு தடவைதான். கெட்டிக்காரப் பிள்ளையைவிட, ஒரே ஒரு படி முன்னால் நிற்கிற பிள்ளை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். போன வாரம்தான் அதுவும் அதே இடத்தில் தடுமாறியிருக்கும் இல்லையா, எங்கே வழுக்கும் என்று அதற்குத் தெரியும். கொம்பில் மாட்டிக்கொண்ட பையன் பின்னாளில் மூன்று பேருக்குக் கொம்பு சொல்லிக்கொடுத்தான். மாட்டுக் கதையோடுதான்.

சூளைப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து பொங்கல் முடிந்த கையோடு குடும்பம் குடும்பமாகச் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கச் செங்கல் சூளைகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், போய்த்தான் தீர வேண்டும். மழைக்கு முன்னால், ஜூன் வாக்கில் திரும்பி வருவார்கள். வருஷக் கடைசியில் மூன்று மாதப் பாடம் போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற ஏணி முறை இந்தப் பிள்ளைகளுக்காகவே செய்ததுபோல் தோன்றும். தோன்றும், அவ்வளவுதான்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஜூன் மாதம் சூளையிலிருந்து வந்தாள். வயசுக்கு நாலாம் வகுப்பு. கணக்கு ஏணியில் அவள் பெயர் இரண்டாம் வகுப்புப் படியில் காத்திருந்தது. முறைப்படி அந்த அட்டையைக் கொடுத்தேன். அவளைச் சுற்றி ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைகள். பாவாடையை இழுத்து அட்டையை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாள் ஆனது, ஆறு நாள் ஆனது, தேதி நகரவில்லை.

பள்ளிச் சுற்றுச்சுவர் வேலைக்காகச் செங்கல் இறக்கியிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு அவள் அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு கல்லு இருக்கும்?" என்று சும்மா கேட்டேன். விரலைக்கூட நீட்டவில்லை, கண்ணாலேயே ஓட்டிவிட்டு ஒரு எண் சொன்னாள். நான் எண்ணிப் பார்க்கப் போனால் அரை மணி ஆகியிருக்கும்; சுவர் வேலை மேஸ்திரியைக் கேட்டேன், கிட்டத்தட்டச் சரி.

"உங்க சூளையில எப்படி எண்ணுவீங்க?"

"வரிசைக்கு இருவத்தஞ்சு கல்லு டீச்சர். நாப்பது வரிசை போட்டா ஆயிரம்."

"பன்னண்டு வரிசை போட்டா?"

"முந்நூறு."

"பதினாலு?"

ஒரு நொடி கண்ணை மூடினாள். "முந்நூத்தி அம்பது."

"ஒடஞ்ச கல்லு?"

"நூத்துக்கு அஞ்சு கழிச்சிருவாரு. ஆயிரத்துக்கு அம்பது. எங்கப்பா சண்ட போடுவாரு, அவ்ளோ ஒடயலன்னு."

பெருக்கல் வருகிறது, சதவீதம் வருகிறது. ஏணி சொல்கிறது, இவள் இன்னும் இரண்டு இலக்கக் கூட்டலில் நிற்கிறாள் என்று. அவளுக்குத் தெரிந்த கணக்கைக் காட்ட எங்கள் அட்டையில் இடமில்லை. தன் வேகத்தில் போகலாம் என்று அனுமதித்த முறை, தன் வழியில் காட்டலாம் என்று அனுமதிக்கவில்லை. படியைத் தாண்டக் கூடாது என்பது பயிற்சியில் அழுத்திச் சொன்ன விதி. நான் தாண்ட விட்டேன். 14 வரிசையை 14 × 25 என்று எழுதுவது எப்படி என்று மட்டும் தரையில் காட்டினேன். மறுநாளே பெரிய பிள்ளைகள் பாயில் போய் உட்கார்ந்தாள், பாவாடையை இழுத்துக்கொள்ளாமல்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. செங்கல் உற்சாகத்தில் நான் அவளைக் கொஞ்சம் அதிகமாகவே தாண்ட விட்டுவிட்டேன். ஆகஸ்டில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் வந்து மாட்டினாள். 502இலிருந்து 38 போனால் எவ்வளவு என்று வாயால் சொல்வாள், தாளில் எழுதினால் 536 வரும். இடமதிப்பு என்ற சங்கதி அவளுக்குச் சூளையில் தேவைப்படவே இல்லை, நான் அவளைத் தாண்டவிட்ட படிகளில்தான் அது இருந்தது. திரும்பவும் குச்சிக்கட்டு, மணி என்று பின்னால் போனோம். அப்போது அவள் வெட்கப்படவில்லை, ஏனென்றால் எதற்காகப் பின்னால் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததை மதித்து முன்னால் விடுவது ஒரு பாதி, விட்டுப்போனதைத் தேடி அடைப்பது இன்னொரு பாதி. இரண்டாவது பாதியில் நான் அசந்துவிட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு அவர்கள் கிளம்பும்போது ஒரு பாலித்தீன் பையில் இருபது அட்டைகளைக் கையால் எழுதிப் போட்டுக் கொடுத்தேன், ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும். கூடவே, அங்கே எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் அந்த ஆசிரியருக்கு ஒரு கடிதம்: இவளுக்கு என்ன தெரியும், எங்கே தடுமாறுவாள், எதை வைத்துக் கேட்டால் பதில் வரும் என்று. மதிப்பெண் பட்டியல் எதுவும் இல்லை. ஜூனில் திரும்பி வந்தபோது பதினொரு அட்டை முடித்திருந்தாள். நோட்டில் செம்மண் கறை.

வேகம் என்பது பிள்ளைக்குள் பிறவியிலேயே இருக்கிற ஏதோ ஒன்று என்ற நினைப்பு எனக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. தேதி போட்ட நோட்டைப் பார்த்தால், எங்கள் பள்ளியில் அட்டை மாறியது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காலையில் பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடோ டீ, பன்னோடோ வந்திருப்பார்கள். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எங்களைப் போன்ற கிராமத்துப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமாவும் கிச்சடியும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த பிள்ளைகளிடம் காலை முதல் மணி நேரமே வேறு மாதிரி இருந்தது. அதே பிள்ளை, அதே பாடம். யாரையாவது "மெதுவாகக் கற்பவர்" என்று எழுதும் முன்னால் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று கேட்டுவிடுவது என் வழக்கம்.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 வாக்கில் முப்பருவ முறை வந்தது, செயல்வழிக் கற்றலும் எளிமையாக்கப்பட்டு, புத்தகத்தோடு சேர்ந்து நடந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளி மூடி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பி வந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அதுவரை பள்ளி வாசலையே மிதித்ததில்லை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் கைகொடுத்தார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது: எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதப் படிக்க, கணக்குப் போட வர வேண்டும், 2025க்குள் என்று இலக்கு. முதலில் ஒரு மதிப்பீடு வைத்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது. அழகான பெயர்கள்.

நான் உற்சாகமாகச் சுவரில் மூன்று பூப்படம் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர்களை வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டினேன். இரண்டே வாரம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஏதோ படிக்கச் சொன்னபோது, "நான் அரும்பு டீச்சர், எனக்கு வராது" என்றான். முயற்சியே செய்யவில்லை. ஒன்றாம் வகுப்பில் அவன் தம்பியும் அரும்பு. வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். "மக்கு" என்று சொல்லக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த பெயரை, நான் சுவரில் ஒட்டியே மக்கு என்று ஆக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலமே கிழித்துப் போட்டேன். பட்டியல் என் நோட்டுக்குள் போனது. உட்காரும் இடத்தைப் பாடத்துக்குப் பாடம் மாற்றினேன், ஏனென்றால் நிலையும் பாடத்துக்குப் பாடம் வேறுதான்: தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருப்பான். அந்தப் பையனே அப்படித்தான். கணக்கு நேரத்தில் அவன் எழுந்து வேறு பாய்க்குப் போவதை எல்லோரும் பார்த்தார்கள், அவனும் பார்த்தான். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் எல்லோரும் கலந்து. நிலை பிரிப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதிகாரபூர்வமாக யாரும் அப்படிச் சொல்லவில்லை.

கைப்பேசியில் மதிப்பீடு பதிவது பற்றி எழுத ஆரம்பித்தால் நீளும். ஒரே ஒரு விஷயம். வாயால் சரியாகச் சொல்லிவிட்டுத் திரையில் தப்பாகத் தொடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விரலை வைத்ததும் பக்கம் நகர்ந்துவிடும், பயந்து கையை எடுப்பார்கள், அதற்குள் வேறு விடை பதிவாகிவிடும். வீட்டில் தொடுதிரை இருக்கிற பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. இப்படி வந்த மதிப்பெண் மொழித்திறனைச் சொல்கிறதா, வீட்டில் என்ன போன் இருக்கிறது என்பதைச் சொல்கிறதா? நான் முதலில் தாளில் கேட்டு, சந்தேகம் இருந்தால் வாயால் கேட்டு, அப்புறம்தான் போனைக் கையில் எடுக்கிறேன். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது. தலைமையாசிரியர் திட்டுவார், அவர் கஷ்டம் அவருக்கு.

கோடு போடும் நோட்டு இப்போதும் உண்டு. வருஷம் முழுக்கப் போடுவதில்லை, முடியாது. ஜூலையில் ஒரு வாரம், நவம்பரில் ஒரு வாரம், பிப்ரவரியில் ஒரு வாரம். ஒவ்வொரு முறையும் யாராவது இரண்டு மூன்று பேர் கோடில்லாமல் அகப்படுகிறார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

இந்தப் பொங்கலுக்கு மூன்று குடும்பங்கள் கிளம்புகின்றன, ஐந்து பிள்ளைகள். பழைய ஏணி அட்டைகள் வகுப்பில் புழக்கத்தில் இல்லை, ஆனால் ஒரு தகரப் பெட்டி நிறைய எடுத்து வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்தால் படம் கறுப்பாக விழுகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒற்றைக்கொம்பு அட்டை முடிந்துவிட்டது. இன்னும் எழுபதுக்கு மேல் பாக்கி.